ஒரு சாக்கு தைக்கும் நேரம்

சந்திரவல்லியின் வலது முட்டியை எடுத்துவிட்டு இரும்பில் ஒன்று வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சாக இருந்தது. எண்பத்தேழாம் வருசம் போடியில் அது பெரிய அதிசயம். மெட்ராஸ் போய்க் கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, வயிற்றுக் கட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. முட்டியை மாற்றிக்கொண்டு வந்தவள் தெரிந்தவரைக்கும் இவள் ஒருத்திதான். பார்க்க வந்தவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு, கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "மழையில நனைஞ்சா துரு ஏறாதா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"வலிக்குதா?" என்று கேட்டவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "இருக்கு." அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. பெற்ற மகள் பொன்னுமணி ராசிங்காபுரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்து கேட்டாள். அவளுக்கும் அதே "இருக்கு"தான். சோறு இருக்கு, தண்ணி இருக்கு என்பதுபோலச் சொல்வாள். நோவை வெளியே சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று யாரோ அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அந்த வீம்பு அவளுக்கு நல்லதும் செய்திருக்கிறது, கெடுதலும் செய்திருக்கிறது. கெடுதல்தான் கொஞ்சம் கூட.

ஐம்பத்தைந்து வயதுக்கு முட்டி அப்படித் தேய்ந்துபோனதற்குக் காரணம் மலை. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம். ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து ரெண்டு மைல் ஒற்றையடிப் பாதை, அதுவும் மேடு. கல்யாணமான நாளிலிருந்து இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அந்தப் பாதையில் ஏறி இறங்கினாள். கடைசி அஞ்சாறு வருசம் வாசல் படி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. மெட்ராஸ் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள நடமாடுனாப் போதுமா, இல்ல வேற எங்கயும் போகணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு மைலு மேடு ஏறணும்."

"எதுக்கும்மா?"

"ஒரு சோலி இருக்கு."

என்ன சோலி என்று அவள் சொல்லவில்லை. கூடப் போயிருந்த நாத்தனார் ஒச்சம்மாள் வெளியே பார்த்துக்கொண்டாள். மேலே தோட்டத்தில் சந்திரவல்லிக்கு இருந்த சோலி ஒன்றே ஒன்றுதான். அங்கே ஏழு வருசமாகத் தனியாகக் கிடக்கிற கோட்டைச்சாமியை, தன் புருசனாக இருந்தவரை, ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்து என்ன பேசுவாள் என்று அவளுக்கே தெரியாது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஏக்கத்துக்காகத்தான் முட்டியை அறுக்கக் கொடுத்தாள். இது வெளியே தெரிந்தால் தெரு சிரிக்கும், ஏனென்றால் அவரை விரட்டிவிட்டதே அவள்தான்.

அது எழுபத்தொன்பதில் தொடங்கிய கதை. முந்தலுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் லோடு ஜீப்பு குடைசாய்ந்து, கோட்டைச்சாமியின் தொடை எலும்பு ரெண்டாகப் போய்விட்டது. தகடு வைத்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலி தாங்காமல் கத்தியவருக்கு, கம்பவுண்டர் பிச்சைமணி காலையும் சாயங்காலமும் வந்து பெத்தடின் ஊசி போட்டார். எலும்பு கூடியது. ஊசி மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் கோட்டைச்சாமி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பிச்சைமணி வரத் தாமதமானால் வியர்த்துக் கொட்டும், கை உதறும், பெற்ற மகளிடமே எரிந்து விழுவார். ஊசி போட்டால் வேறு மனுசன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார். அப்படித்தான் ஒருநாள் மேலே ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் அடுப்பை மூட்டிவிட்டு மயங்கிக் கிடந்தார். ஒரு எடுப்பில் பறித்த காய் முழுதும் கருகிப் போனது.

சந்திரவல்லி கீழிருந்து ஏறிப்போய்க் கருகிய காயைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரே கேள்விதான் கேட்டாள். "ஊசியா, நானா?" அந்த நேரத்தில் கோட்டைச்சாமியால் பதில் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அவர்கள் வகையறாவில் புருசன் பெண்டாட்டி பிரிவதற்குக் கோர்ட்டு வேண்டாம். பெரியவர்கள் முன்னால் ஒரு துரும்பை எடுத்து ரெண்டாகக் கிள்ளிப் போட்டால் முடிந்தது. பக்கத்து ஊர் சிலமலையில் கோயில் மரத்தடியில் ஊரைக் கூட்டி, சந்திரவல்லி துரும்பைக் கிள்ளிப் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். கோபத்தில் மேலும் ரெண்டு சொன்னாள். "இனிமே அந்தாளு என் வீட்டுப் படிய மிதிக்கக் கூடாது. அந்தாளு பேரை என் வீட்டுக்குள்ள எடுக்குறவுக அங்க பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது." போடி வீடு அவள் அப்பா கொடுத்தது. கோட்டைச்சாமி ஒரு பையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். ஒச்சம்மாள் மட்டும் அண்ணனோடு போகவில்லை. புருசனை இழந்து வந்தவளைச் சேர்த்துக்கொண்டது மதினிதான். "துரும்பு கிள்ளுனது அண்ணனுக்குத்தான. எனக்கில்லையே" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் பேரை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டுமே.

பேர்தான் வரவில்லை, சாக்கு வந்தது. ஒவ்வொரு எடுப்புக்கும் காய் காய்ந்ததும் ஜீப்பில் சாக்குகள் இறங்கும். சந்திரவல்லி தரம் பிரித்து ஏலத்துக்கு அனுப்புவாள். லோடு வரும் நாளில் அவள் வாசலுக்கு வரமாட்டாள். மலை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உள்ளறையில் உட்கார்ந்துகொள்வாள். டிரைவர் சின்னத்துரை சாக்கைத் தலையில் சுமந்து வந்து அங்கேயே இறக்குவான். சந்து குறுகல் என்பதால் ஜீப்பு தெருமுக்கிலேயே நின்றுவிடும்.

சாக்கைப் பிரிப்பது அவள் மட்டும்தான். வேறு யாரையும் கத்தி வைக்க விடமாட்டாள். சாக்கு வாயைக் கோணி ஊசியால் தைத்திருப்பது கோட்டைச்சாமியின் கை. முதல் வருசம் வந்த சாக்குகளை அவள் வெளிச்சத்துக்கு இழுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு தையல் ஒரு விரக்கடை, அடுத்தது மூணு விரக்கடை, நடுவில் சணல் சாக்கை விட்டுவிட்டு வெறும் காற்றில் ஓடியிருந்தது. ஒரு சாக்கில் காய்ந்த ரத்தம்கூட இருந்தது. கோணி ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். கை அந்த அளவுக்கு ஆடியிருக்கிறது. ரெண்டாம் வருசம் தையல் கொஞ்சம் நெருங்கி வந்தது. மூணாம் வருசம் நடுவில் ஒரு எடுப்பு மறுபடி கோணல்மாணலாக வந்து, அவள் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அடுத்த லோடில் சரியாகிவிட்டது. பிறகு நாலு வருசமாக அளந்து போட்டதுபோல ஒரே சீர். மனுசன் பெத்தடின் ஊசியை விட்டுவிட்டார் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் சணலைத் தடவித்தான் தெரிந்துகொண்டாள்.

தெரிந்துகொண்டும் என்ன செய்ய? ஆள் அனுப்பிக் கூப்பிட வீம்பு விடவில்லை. தானே ஏறிப் போகலாம் என்றால் முட்டி விடவில்லை. சாக்கின் வாயில் விரலை ஓட்டி ஓட்டி ஏழு வருசம் போனது.

மெட்ராஸில் ஆப்பரேசன் முடிந்து மயக்கம் தெளிந்த அன்றைக்கு நர்சு ஊசியோடு வந்தாள். என்ன ஊசி என்று கேட்டாள் சந்திரவல்லி. பெத்தடின் என்ற பேரைக் கேட்டதும் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். டாக்டரே வந்து, "ரெண்டு மூணு நாளைக்குப் போட்டா ஒண்ணும் ஆகாதும்மா. நாங்க பக்கத்துல இருந்து பாத்துக்குவோம். அதுக்கப்புறமும் விடாமப் போட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஆபத்து" என்றார்.

"அந்த ஊசிக்கு எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளைக் குடுத்துட்டேன்" என்றாள் அவள்.

டாக்டர் ஊசியைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். பிறகு வேறு வழி சொன்னார். மாத்திரை ரெண்டு வகை, வலி வந்த பிறகு இல்லை, கடிகாரத்தைப் பார்த்து வேளைக்கு. முட்டியைச் சுற்றி ஐஸ். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, மடக்கி மடக்கி நீட்டும் பயிற்சி. பயிற்சி சொல்லித்தர சாராள் என்ற டீச்சரம்மா வந்தாள். நாசரேத்துப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது. "வலிக்குதேன்னு மடக்காம வச்சிருந்தா முட்டி அப்படியே இறுகிப் போயிரும். படி ஏறுறப்ப நல்ல கால் முதல்ல. எறங்குறப்ப நோகுற கால் முதல்ல. மாத்தி வச்சா விழுந்துருவீங்க, சொல்லிட்டேன்" என்று தினமும் ஒப்பிக்க வைத்தாள்.

போடிக்கு வந்த பிறகு எல்லாம் ஒச்சம்மாள் பொறுப்பு. முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு நொச்சி இலையை வதக்கிச் சூடாக ஒத்தடம் வைத்தாள். முட்டி பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு பயந்துபோய், குச்சி ஐஸ் கம்பெனிக்கு நடந்து, உமி போட்ட சாக்கில் ஐஸ் பாளத்தைச் சுற்றி வாங்கிவந்து, அம்மிக் குழவியால் உடைத்துத் துண்டில் கட்டி வைத்தாள். "நோவுக்குச் சூடு வைக்கிறதத்தான் பாத்திருக்கேன். இந்தக் கார்த்திகைக் குளுருல ஐஸ் வைக்கச் சொன்ன டாக்டரு ஒழுங்காத்தான் படிச்சானா?" என்று திட்டிக்கொண்டே வைப்பாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே சிமெண்டுத் தரையில் ஒச்சம்மாள் சாக்கட்டியால் கோடு போடுவாள். குதிகால் எதுவரை வந்தால் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியதாகும் என்று சாராள் அளந்து சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த இடத்தில் மட்டும் காவிக்கட்டியால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு வந்தால்தான் படி இறங்கலாம். ஆறு வாரத்துக்குள் வராவிட்டால் திரும்ப மெட்ராஸ் போய் மயக்கம் கொடுத்து மடக்க வேண்டும். முதல் ரெண்டு வாரம் கோடுகள் தினம் ஒரு விரல் நகர்ந்தன. மூணாவது வாரம் நின்றுவிட்டது. காவிக் கோட்டுக்கு நாலு விரல் இருந்தது. நாலு விரலுக்கு அந்தப் பக்கம் மலை இருந்தது.

அந்த வாரம்தான் வலி அவளை உடைத்தது. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூணரை மணி. ஒச்சம்மாள் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குதிகாலை இழுத்தாள். முட்டிக்குள் யாரோ கிட்டி வைத்துத் திருகுவதுபோல இருந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். பல்லைக் கடித்ததில் உதட்டில் ரத்தம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை, அழலாம். அழுதாள். அழுது முடித்த பிறகும் வலி அதே இடத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெருவில் போன ஒருத்தியைக் கூப்பிட்டு, கம்பவுண்டரை வரச் சொல்லு என்றாள்.

பிச்சைமணிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. இந்த வீட்டு வாசலில் ஏழு வருசத்துக்குப் பிறகு அவரும் தயங்கித்தான் நின்றார். என்ன வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பாதி மருந்துதான் போடுறேன் ஆத்தா. இன்னைக்கு ஒரு நாள்" என்றார். ஊசி இருந்த சின்னத் தகரப் பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தார்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் பெட்டிக்குள் ஊசி கிடுகிடுவென்று ஆடும் சத்தம் கேட்டது. எண்பதாம் வருசம் தினமும் சாயங்காலம் இந்த வீட்டில் கேட்ட சத்தம். அதைக் கேட்டதும் கட்டிலில் கிடக்கும் கோட்டைச்சாமியின் முகம் மலர்வதைப் பார்த்து அவள் வெறுத்திருக்கிறாள். இப்போது அதே சத்தம் அவள் உடம்புக்குள் இறங்கியது. இதோ முடிந்துவிடும், இன்னும் ரெண்டு நிமிசம் என்று நெஞ்சு லேசாகியது. குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை இடது கையின் ரவிக்கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருந்தது. எப்போது சுருட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஊசியா, நானா?" என்று கேட்டாளே, அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருந்தது. அந்த ஒன்றரை வருசத்தில் ஒரு நாளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து "வலிக்குதா?" என்று கேட்டோமா என்று யோசித்தாள். ஏன் கத்துறீங்க என்று கேட்டிருக்கிறாள். எப்ப நிறுத்தப்போறீங்க என்று கேட்டிருக்கிறாள். ஊர் எல்லாம் கேட்கிற அந்தச் சாதாரணக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. தன் நோவை "இருக்கு" என்று மூடி வைக்கிறவளுக்கு, அடுத்தவர் நோவைத் திறந்து பார்க்கவும் தெரியவில்லை.

"அடுப்ப அணைங்க" என்றாள்.

பிச்சைமணி எட்டிப் பார்த்தார். "என்ன ஆத்தா?"

"வேண்டாம். எடுத்துட்டுப் போங்க. வரச் சொன்னது என் தப்புதான்."

அவர் பெட்டியைத் துணியில் பிடித்து எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்றார். "அன்னைக்கு நானும் நிறுத்தியிருக்கணும். கேட்டாருன்னு போட்டுட்டேன்" என்றார். அவள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். ஒச்சம்மாள் ஐஸோடு வந்தபோது கட்டிலில் சாய்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் லோடு வந்தது.

லோடு வரும் நாளில் மட்டும் ஒச்சம்மாளுக்கு வெற்றிலை தீர்ந்துவிடும். வருசக்கணக்காக இது நடக்கிறது. முந்தின நாள் ஒரு கவுளி வாங்கி வைத்திருந்தாலும், ஜீப்புச் சத்தம் கேட்டதும், "கடைக்குப் போயிட்டு வெரசா வந்துர்றேன் மதினி" என்று கிளம்பிவிடுவாள். போனால் அரை மணி நேரம். "வெத்தலை வாங்கப் போனியா, வெத்தலைக் கொடி நடப் போனியா?" என்று சந்திரவல்லி எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள். அன்றும் ஒச்சம்மாள் தூக்குவாளியில் காபியை ஊற்றி, முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். காபி எதற்கு என்று கேட்கிற நிலையில் சந்திரவல்லி இல்லை. இத்தனை நாள் வராத ஒரு தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னத்துரை முதல் சாக்கை இறக்கிவிட்டுப் போனான். ரெண்டாவதை இறக்கும்போது, "ஏப்பா, நில்லு" என்றாள்.

"சொல்லுங்க ஆத்தா."

"மேல... தோட்டத்துல இருக்காகல்ல." பேரைச் சொல்ல முடியவில்லை. அவள் போட்ட சட்டம் அவளையே கட்டியது. "அவுககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஊசிய விட்டப்ப வலிய எப்படித் தாங்குனீகன்னு கேளு. நான் கேட்டேன்னே சொல்லு. அவசரமில்ல, அடுத்த லோடு வர்றப்ப வந்து பதில் சொன்னாப் போதும்."

அந்த வீட்டில் அந்தப் பேச்சைச் சின்னத்துரை கேட்டதே இல்லை. தலையை ஆட்டிவிட்டு, சாக்கு சுமந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் போனான்.

அவள் ரெண்டாவது சாக்கின் வாயைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரே சீரான தையல். பாதிவரை தடவி முடிப்பதற்குள் சின்னத்துரை மூணாவது சாக்கோடு வந்துவிட்டான். இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே, தந்தி கொண்டுவந்தவனைப்போல நின்று சொன்னான்.

"கேட்டேன் ஆத்தா. முழு நாளையும் நினைச்சா தாங்காதாம். அவுக ஒரு சாக்கு வாய் தைக்கிற நேரம் மட்டும் பொறுத்துக்குவோம்னு நினைப்பாகளாம். அது முடிஞ்சதும் இன்னொரு சாக்கு எடுப்பாகளாம். காய் இல்லாத நாளையில வெறுஞ்சாக்கத் தச்சுப் பிரிச்சு, தச்சுப் பிரிச்சுக் கெடந்தாகளாம். ஒங்களையும் அப்படிப் பொறுத்துக்கச் சொன்னாக. ரொம்ப வலிக்குதான்னு கேட்டாக. பழசெல்லாம் சாரமில்லேன்னு சொல்லச் சொன்னாக."

சாரமில்ல என்பது மலையில் பேசுகிற மலையாளம். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். இந்த வீட்டில் இருந்தவரை கோட்டைச்சாமி வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. தனக்குத் தெரியாத ஏழு வருசம் அந்த ஒரு சொல்லில் இருப்பதாக அவளுக்குப் பட்டது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

போடியிலிருந்து தோட்டத்துக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. அதற்குமேல் ரெண்டு மைல் நடை. இவன் போய்விட்டு வந்தது ஒரு சாக்குத் தையலில் பாதியைத் தடவுகிற நேரம்.

"எப்படா கேட்ட?" என்றாள்.

சின்னத்துரைக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. துண்டை எடுத்து வாயைத் துடைத்தான், கழுத்தைத் துடைத்தான். "ஆத்தா, நீங்க கேக்கச் சொன்னீங்க... நானும் அவசரத்துல..." என்றான்.

"எங்க இருக்காக?"

"முக்குல. ஜீப்புக்குள்ள."

"இன்னைக்கா?"

"எல்லா லோடுக்கும் ஆத்தா. மொத வருசத்துலயிருந்து. சாக்கு இறக்கி முடிக்கிற வரைக்கும் இந்தச் சந்தையே பாத்துக்கிட்டு இருப்பாக. ஒச்சம்மா அத்தை காபி கொண்டாருவாக. குடிச்சிட்டுப் போயிருவாக. படிய மிதிக்கக் கூடாதுன்னுதான நீங்க சொன்னீங்க. தெருவ மிதிக்கக் கூடாதுன்னு சொல்லலையேம்பாக."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. பால்காரனுக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும். பேரை எடுத்தால் தண்ணீர் கிடையாது என்று சொன்னவளிடம் போய் யார் சொல்வார்கள்? அவள் உள்ளறையில் உட்கார்ந்து சணலைத் தடவிக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும் அந்த மனுசன் ஐம்பதடி தூரத்தில் இருந்திருக்கிறார். அவரைப் பார்க்க மலை ஏற வேண்டும் என்று அவள் மெட்ராஸ் போய் முட்டியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாக மாறியது.

"இன்னும் எத்தனை சாக்கு?"

"ஒண்ணு."

"அத இறக்காத. நான் வர்ற வரைக்கும் இறக்காத."

மெட்ராஸில் கொடுத்த, ஊன்றி நடக்கிற நாலுகால் கம்பியைப் பிடித்து எழுந்தாள். வாசலுக்குப் போக எப்போதும் ஆகிற நேரம் ஆகத்தான் செய்தது. நிலைப்படியில் நின்று பார்த்தபோது முக்கில் ஜீப்பின் பின்பக்கம் தெரிந்தது. பக்கத்தில் தூக்குவாளியோடு ஒச்சம்மாள். மதினி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஒச்சம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "மதினி, மடங்கல இன்னும். காவிக் கோட்டுக்கு நாலு விரக்கடை இருக்கு. விழுந்து தொலைச்சா மறுபடியும் மெட்ராஸ்தான்" என்று கையை விரித்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"தள்ளு" என்றாள் சந்திரவல்லி. "இத்தன வருசம் வெத்தலையா வாங்குன நீ? ஒனக்கு அப்பறம் இருக்கு."

ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். தலை முழுக்க நரை. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். கீழ்ப்படிக்கு ஒரு அடி தள்ளி, தெருவில் நின்றுகொண்டார். அதற்கு மேல் வரவில்லை.

ஏறி வாங்க என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் ஏறியிருப்பார். அவளுக்கு அது போதவில்லை. ஊரைக் கூட்டி விரட்டியவரை நிலைப்படியில் நின்றுகொண்டு கூப்பிடக் கூடாது, இறங்கிப் போக வேண்டும் என்று இருந்தது. மூணு படி. கம்பியை ஒச்சம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையால் சுவரையும் மறு கையால் ஒச்சம்மாள் தோளையும் பிடித்தாள். நல்ல காலை முதலில் வைக்கத்தான் உடம்பு இழுத்தது. சாராள் சொன்னதை நினைத்துக்கொண்டு வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தாள். கண் இருட்டியது. பல்லைக் கடித்தாள். ஒரு சாக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இடது காலையும் இறக்கினாள்.

ரெண்டாவது படி முதலைவிட மோசம். அங்கே நின்று மூச்சு வாங்கினாள். எதிர் வீட்டு ஜன்னலில் ரெண்டு தலை தெரிந்தது. பார்க்கட்டும் என்று விட்டாள். கோட்டைச்சாமி கையை நீட்டினார். படி மேல் கால் படாமல், உடம்பை மட்டும் முன்னால் வளைத்து நீட்டினார். விரல்களில் சணல் அறுத்த தழும்பு வரிவரியாக இருந்தது. கை ஆடவில்லை.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மூணாவது படியும் இறங்கித் தெருவில் நின்றாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றாள் சந்திரவல்லி. அந்தச் சொல்லை வெளியே விட்டதும் கண்ணீர் நிற்கவில்லை. துடைத்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கையை அவள் விடவில்லை.

"ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவர் எட்டு வருசம் முந்தி உடைந்த இடது தொடையை ஒரு தடவை தடவிக்கொண்டார். "எனக்கும் இன்னும் வலிக்குது புள்ள" என்றார்.